இடது பக்கம் இரண்டாவது வாளி

கையில வச்சிருக்கிறது என்ன தாயி, டிரைவிங் ஸ்கூல் புஸ்தகமா? நானும் பஸ் கிளம்புனதிலேர்ந்து பாத்துக்கிட்டே வாரேன், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற. என்னைக்கு டெஸ்ட்டு? புதன்கிழமையா. எட்டுப் போடணுமா, கோனா? கோனா. அப்ப அந்தப் புஸ்தகத்தை மூடி வையி. இந்தப் பஸ்ல கோனைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்ச ஆள் கிடையாது. மூணு தடவை ஃபெயிலானவன் நான்.

சிரிச்சுக்கோ, பரவாயில்ல. ஆனா இதையும் கேட்டுக்கோ. இதே தென்காசி மதுரை ரூட்டுல இருபத்தொம்பது வருசம் பஸ் ஓட்டுனவன். குருவையான்னு சொன்னா டெப்போவுல இன்னைக்கும் டீ வாங்கிக் கொடுப்பாங்க. ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்துனது கிடையாது. ஒரு சைக்கிளை உரசுனது கிடையாது. திருவிழாக் கூட்டத்துக்கு நடுவுல, தேர் ஒரு பக்கம் ராட்டினம் ஒரு பக்கம், அப்படியே நூல் பிடிச்ச மாதிரி கொண்டு போயிருக்கேன். அப்பேர்ப்பட்டவன் ஆறு பிளாஸ்டிக் கோனுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்.

மதுரைக்கு எதுக்கா? கண்ணாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. என் வீட்டம்மா வாயை அடைக்கணும், அதுக்கு ஒரு சீட்டு வேணும். கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுது. அந்தா, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மூணாவது வரிசை, பச்சைச் சேலை, கையில கட்டுப் போட்டு கழுத்துல தொங்க விட்டிருக்காளே, அவதான். செண்பகவல்லி. கட்டைப் பாத்து ஒரு பொம்பளை எந்திரிச்சு இடம் கொடுத்தா. அதான் அவ அங்க, நான் இங்க.

அவ பண்ணுன காரியத்தைக் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, யார் மேல தப்புன்னு.

ரிட்டயர் ஆகும்போது என் லைசென்சு முடிய இன்னும் நாலு மாசம் இருந்துச்சு. இனி எதுக்குன்னு விட்டுட்டேன். ஓட்டுனது போதும், காலை நீட்டி உக்காரணும்னு இருந்துச்சு. உக்காந்தேன். ஒரு வருசம் உக்காந்தேன். அதுக்கப்புறம் வீடு என்னை நெருக்க ஆரம்பிச்சுருச்சு தாயி. சொன்னா நம்ப மாட்ட. நானே நின்னு கட்டுன வீடு. கதவு நிலையில இடது தோள் இடிக்குது. அடுப்படிக்குப் போனா அலமாரி முனை இடிக்குது. உக்காந்து சாப்பிட்டா தண்ணி டம்ளர் கையில தட்டிக் கவுந்துருது. இடது பக்கம் எதுக்குடி வைக்கிறன்னு அவளைச் சத்தம் போடுவேன். அவ எடுத்து வலது பக்கம் வைப்பா. மூணரை அடி அகலத்துல நிலை வச்சவன் எவன்னு கொத்தனாரைத் திட்டுவேன். வெளிய வெட்டவெளியில கிடந்தவனைக் கொண்டாந்து ரெண்டு ரூமுக்குள்ள அடைச்சா அப்படித்தான் இருக்கும்.

அப்பத்தான் எங்க ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தாளாளர் வந்தாரு. என் பஸ்ல ஏறிக் காலேஜ் போன ஆளு. “அண்ணாச்சி, ஸ்கூல் வேன் ஓட்ட வாரீகளா? முப்பது பிள்ளைக. உங்களை நம்பி விடுற மாதிரி இன்னொருத்தரை நம்பி விட முடியாது”ன்னாரு. எனக்கு என்னமோ ஜெயில்லேர்ந்து விட்ட மாதிரி இருந்துச்சு. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்துருவேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். லைசென்சைப் புதுப்பிக்கப் போனா, தேதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, மறுபடியும் ஓட்டிக் காட்டணும்னுட்டாங்க.

சரி, காட்டிருவோம். நமக்கு என்ன.

கண்ணு சர்ட்டிபிகேட்டா? அதெல்லாம் வாங்குனேன். சுவத்துல எழுத்து மாட்டியிருந்தாங்க. கடைசி வரி வரைக்கும், அதுக்குக் கீழ அச்சடிச்ச பிரஸ் பேரைக் கூட வாசிச்சுக் காட்டுனேன். என் கண்ணைப் பத்தி யாரும் பேச முடியாது. இந்தா, அந்த முன் கண்ணாடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்குன்னு இங்க உக்காந்தே சொல்லவா?

முதல் டெஸ்ட்டு. மைதானத்துல இடது பக்கம் மூணு கோன், வலது பக்கம் மூணு கோன். அதுக்கு நடுவுல பாம்பு மாதிரி வளைஞ்சு முன்னாடி போகணும், போய் நின்னு, அதே வழியா பின்னாடி வரணும். கோனைத் தொடக் கூடாது. இன்ஸ்பெக்டர் ஒரு பொண்ணு, என் மக வயசு இருக்கும். நான் ஏறுனேன். போனேன். இடது பக்கம் ரெண்டாவது கோன் விழுந்துருச்சு. “அடுத்த வாரம் வாங்கய்யா”ன்னுட்டா. காத்துல விழுந்திருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கு நல்ல காத்து.

வீட்டுக்கு வந்து, தெருக் கடைசியில காலி மனை கிடக்குது, அங்க சுண்ணாம்புப் பொடியால குறி போட்டேன். ஆறு பெயிண்ட் வாளி. காத்துல சாயாம இருக்க பாதி மண்ணு. மக ஓசூருக்குப் போகும்போது விட்டுட்டுப் போன பழைய கார் நின்னுச்சு, அதுல பழக ஆரம்பிச்சேன். காலையில வெயில் ஏறும் முன்னாடி பத்துச் சுத்து. செண்பகம்தான் கூட வருவா. வாளி விழுந்தா நிமுத்தி வைக்க ஒரு ஆள் வேணும்ல.

மொத ரெண்டு நாள் வாளி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த ரெண்டாவது வாளிதான். ஒவ்வொரு தடவையும் அவ போய் நிமுத்துவா, சிந்துன மண்ணை அள்ளிப் போடுவா. நான் இறங்காம உக்காந்திருப்பேன். வீட்டுக்கு வந்தா சோறு இறங்காது. தட்டைத் தள்ளி வச்சுட்டுச் சுவரைப் பாத்துப் படுத்துக்கிடுவேன்.

மூணாம் நாள்லேர்ந்து விழல. பத்துச் சுத்துக்குப் பத்துச் சுத்தும் சுத்தமா வந்துச்சு. கைக்குப் பழைய ஞாபகம் திரும்பிருச்சுன்னு நெனச்சேன். இறங்கி அவகிட்ட, “எப்பிடி?”ன்னு கேட்டா, “நல்லா வந்துச்சு”ம்பா. மூஞ்சியில ஒரு சந்தோஷமும் இருக்காது. இவளுக்கு என்னத்தைத் தெரியும்னு விட்டுருவேன்.

ரெண்டாவது டெஸ்ட்டு. அதே கோன். விழுந்துருச்சு.

மறுபடியும் மனைக்குப் போறேன், பத்துக்குப் பத்து சுத்தமா வருது. ஆபீஸ் மைதானத்துக்குப் போறேன், விழுது. ராவும் பகலும் அதே நெனப்பு. கண்ணை மூடுனா ரெண்டு பக்கமும் கோன் நிக்குது. நெருங்கி நெருங்கி வருது. அந்தக் காருக்குள்ள நான் சுருங்கி உக்காந்திருக்கேன். தாளாளர் வேற ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணி, “அண்ணாச்சி, ஆச்சா?”ங்கிறாரு. ஆகலன்னு சொல்ல வாய் வருமா? ஆபீஸ்ல கூட்டம், தேதி கிடைக்கலன்னு சொல்லி வச்சேன்.

மூணாவது டெஸ்ட்டுல நல்லாத்தான் போனேன். போய்ட்டு, அப்படியே பின்னாடி வந்து, இறங்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு என் மூஞ்சியவே பாத்தா.

“அய்யா, எந்தக் கோன் விழுந்துச்சுன்னு தெரியுமா?”

“எதுவும் விழலையேம்மா.”

அவ கையை நீட்டிக் காட்டுனா. இடது பக்கம் ரெண்டாவது கோன், படுத்துக் கிடந்துச்சு. டயர்த் தடம் அதும் மேலேயே இருந்துச்சு.

“அய்யா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்”ன்னா.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். அந்தக் காம்பவுண்டுக் கேட்டு மேல இருந்த போர்டை, அங்க நின்னே, வரி விடாம வாசிச்சுக் காட்டுனேன். சுத்தி நின்னவனெல்லாம் பாக்குறான். “கோனைக் குறுக்க வச்சுட்டு என் கண்ணைக் குத்தம் சொல்றியா? அளந்து பாப்பமா?”ன்னேன். “அளங்கய்யா”ன்னு ஒரு கயித்தைக் கொடுத்தா. அளந்தேன். முடிச்சுப் போட்டுக்கிட்டேன். என் மனையில நான் போட்ட குறிக்கு என்ன கணக்கோ, அதே கணக்குத்தான் வரணும். அங்க இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு அவ மூஞ்சியில எறியணும்னு அந்தக் கயித்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.

வந்து மனையில அளந்தா, அஞ்சு வாளி சரியா நிக்குது. இடது பக்கம் ரெண்டாவது வாளி மட்டும் குறியை விட்டு ரெண்டடி வெளிய நிக்குது. குனிஞ்சு பாத்தேன். மண்ணுல இழுத்த தடம் தெரியுது. ஒண்ணு ரெண்டு இல்ல, தினம் இழுத்த தடம்.

செண்பகம் என் பின்னாடி நின்னா.

“யாரு தள்ளுனது?”

“நான்தான்.”

“எப்பலேர்ந்து?”

“மூணாம் நாள்லேர்ந்து. நீங்க வண்டியில ஏறுனதும் தள்ளுவேன்.”

“ஏண்டி?”

“விழுந்தா நீங்க சாப்பிட மாட்டேங்கிறீங்க.”

இதுக்கு என்ன சொல்லுவ? முப்பத்தாறு வருசம் கூட வாழ்ந்தவ. சோறு திங்கணும்னு புருசனை ஏமாத்தியிருக்கா. நான் அங்கேயே சத்தம் போட்டேன். நீதான் என்னைக் கெடுத்த, நீ ஒழுங்கா வச்சிருந்தா நான் என்னைக்கோ பழகியிருப்பேன், உன்னாலதான் மூணு தடவை ஊரு முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன்னு, வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. கடைசியில ஒண்ணு சொன்னா.

“வாளின்னா தள்ளி வைக்கலாம். அந்த வேன்ல முப்பது பிள்ளைக ஏறி இறங்கும். இடது பக்கமாத்தான் இறங்கும்.”

நான் நாலு நாள் அவகூடப் பேசல.

ஒரே வீட்டுக்குள்ள நாலு நாள் பேசாம இருந்து பாத்திருக்கியா? சோறு வரும், தண்ணி வரும், வலது பக்கமா வரும். அதுவே எனக்கு எரிச்சலா இருக்கும். நான் வேணும்னே எடுத்து இடது பக்கம் வைப்பேன். கை தட்டிக் கவுந்துரும். அவ துணியைக் கொண்டாந்து துடைச்சுட்டுப் போவா.

அஞ்சாம் நாள் காலையில தனியா மனைக்குப் போனேன். வாளியெல்லாம் நானே வச்சேன், சுண்ணாம்புக் குறி மேல, கயித்தைப் பிடிச்சு அளந்து. வண்டியில ஏறி உக்காந்து ஒரு தடவை நல்லாப் பாத்துக்கிட்டேன். இடது பக்கம் மூணு, வலது பக்கம் மூணு. ரெண்டாவது வாளி இடத்துல இருந்துச்சு, கண்ணால பாத்தேன். சுத்துவட்டாரத்துல ஆள் கிடையாது. கியரைப் போட்டு மெதுவா விட்டேன். நடக்கிற வேகம்தான்.

அவ எப்ப வந்தாளோ, எந்தப் பக்கமா வந்தாளோ தெரியாது. இடது பக்கமாத்தான் வந்திருக்கணும். மனைக்கு அந்தப் பக்கம்தான் பாதை. நடந்து வந்து, வாளியைத் தூக்கி அப்பால வச்சுட்டு, அந்தக் குறி மேல அவ நின்னிருக்கா. அரக்குச் சேலை கட்டியிருந்தா. எரியிற மாதிரி செவப்பு.

நான் வலது பக்கக் கோனை, வாளியை, பாத்துக்கிட்டே வளைக்கிறேன். டப்புன்னு ஒரு சத்தம். வாளி போச்சேன்னு நெனச்சேன். ச்சேன்னு ஸ்டியரிங்குல ஒரு குத்து விட்டேன். நிறுத்தல தாயி. போனது போச்சு, மிச்சத்தையாவது சுத்தமா முடிப்போம்னு மூணாவது வாளியையும் தாண்டிப் போய்த்தான் நிறுத்துனேன். இறங்கித் திரும்பிப் பாத்தா, அஞ்சு வாளி நிக்குது. தரையில செவப்பாக் கிடக்குது.

நல்ல வேளை, வெளிப்பக்கமா விழுந்திருந்தா.

ஓடுனேன். அவ அதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துட்டா. இடது மணிக்கட்டை வலது கையால பிடிச்சுக்கிட்டு, மண்ணுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அழல. சேலையெல்லாம் புழுதி. நான் பக்கத்துல குத்த வச்சு உக்காந்ததும் மொதல்ல கேட்டது இதுதான்.

“நான் நின்னது தெரிஞ்சுதா?”

நீ சொல்லு தாயி. நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? தெரியலன்னு சொன்னா, அந்த நிமிசத்தோட ஸ்டியரிங்கை விட்டு இறங்கிரணும். வேன் இல்ல, பிள்ளைக இல்ல, அந்த ரெண்டு ரூமுதான், சாகுற வரைக்கும். தெரிஞ்சுதுன்னு சொன்னா, கட்டுன பொண்டாட்டி மேல தெரிஞ்சே வண்டிய விட்டவன். ரெண்டு பக்கமும் இடிக்குது. நடுவுல போக வழி இல்ல.

“தெரிஞ்சுது. நீ விலகிருவன்னு நெனச்சேன்”னு சொன்னேன்.

அவ என் மூஞ்சியப் பாத்தா. “அப்படியா”ன்னா. அவ்வளவுதான். என் தோளைப் பிடிச்சு எந்திரிச்சா. கையைப் பிடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் நடந்து வந்தா. கார்ல வரமாட்டேன்னு சொல்லல. ஆனா ஏறல.

ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போடும்போது நர்ஸ் பொண்ணு எப்படிம்மா விழுந்தீங்கன்னு கேட்டா. “மொட்டை மாடியில துணி எடுக்கப் போனேன், வழுக்கிருச்சு”ன்னா. மகளுக்குப் போன் போட்டும் அதையேதான் சொன்னா. எனக்கு அப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்பாடா, விட்டுட்டாங்கிற மாதிரி. அப்புறம்தான் ஒவ்வொரு நாளாக் கனக்க ஆரம்பிச்சுது. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். ஊரைக் கூட்டியிருந்தா நானும் வாளிக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒண்ணுமே சொல்லலன்னா ஒரு மனுசன் என்ன பண்ணுவான்?

ஒத்தைக் கையால தலை வாரத் தெரியாம நிப்பா. நான் போய் சீப்பை வாங்கிக்கிடுவேன். வாருற வரைக்கும் சுவரையே பாத்துக்கிட்டு நிப்பா. முந்தாநாள் அப்படி வாரிக்கிட்டு இருக்கும்போதுதான் கேட்டா. “மதுரைக்கு ஒரு தடவை வாங்க. கண்ணைக் காட்டிருவோம். நல்லாருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்.” சரின்னேன். அதான் வந்துக்கிட்டிருக்கோம். வர்ற திங்கக்கிழமை நாலாவது டெஸ்ட்டு. சீட்டு மட்டும் வந்துட்டா.

என்ன தாயி, அப்படிப் பாக்குற?

நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். அந்தச் சேலை அவ்வளவு செவப்பு. ரெண்டு கை தூரம்தான் இருக்கும், எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு சீட்டுதான். வாளி தெரியலன்னா சின்னப் பொருள்னு சொல்லலாம். கோன் தெரியலன்னா காத்துன்னு சொல்லலாம். முப்பத்தாறு வருசமாப் பாக்குற ஆளு. நடந்து வந்திருக்கா, குனிஞ்சிருக்கா, வாளியைத் தூக்கியிருக்கா, நிமுந்து நின்னிருக்கா. அவ்வளவையும் நான் அந்த வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு...

தெரியல தாயி. எனக்கு அவ தெரியவே இல்ல.

இந்த வார்த்தை வாயில வர பத்து நாள் ஆச்சு. அதுவும் பேர் தெரியாத உன்கிட்ட. அவகிட்ட சொன்னது வேற. இப்ப வரைக்கும் அவ மனசுல நான் பாத்துக்கிட்டே வண்டிய விட்டவன். அதையும் மனசுல வச்சுக்கிட்டு எனக்குத் தலை வாரக் கொடுத்திருக்கா, என்கூட பஸ் ஏறி வந்திருக்கா. டாக்டர் சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நான் சொல்லிரணும். டாக்டர் சொன்ன பிறகு சொன்னா அது சொன்னதே இல்ல.

எனக்கு ஒரு உபகாரம் பண்ணுவியா? எந்திரிச்சுப் போய் அவ சீட்டுல உக்காந்துக்கோ, அவளை இங்க வரச் சொல்லு. நான் இந்த ஜன்னலோரமே இருந்துக்கிடுறேன். அவ எனக்கு வலது பக்கம் உக்காரட்டும். சொல்லும்போது அவ மூஞ்சி எனக்குத் தெரியணும்.

இந்த இரைச்சல்ல கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. வலது தோளைத் தொட்டுச் சொல்லு தாயி. இடது பக்கம் இன்னும் வலி இருக்கு.